கைத்தாளமும் கைங்கர்யமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மார்கழி மாதத்து அத்யயன உத்ஸவத்தில் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குச் சென்று ஸேவிக்கும் பேறு பெற்றவர்கள் ஒரு காட்சியை ஒருநாளும் மறக்க மாட்டார்கள். பகற்பத்து நாட்களில் அர்ஜுன மண்டபத்திலே நம்பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். ஆழ்வார்களும் ஆசார்யர்களும் தத்தம் ஸ்தானங்களில் எழுந்தருளியிருக்கிறார்கள். திருமுன்பே உயர்ந்த குல்லாயும், ப்ரஸாதமாகப் பெற்ற மாலையும் அணிந்து அரையர் நிற்கிறார். வீணை இல்லை, குழல் இல்லை, மத்தளமும் இல்லை. அவருடைய இரு கைகளிலும் இருப்பவை இரண்டு வெண்கலத் தாளங்களே. அவற்றின் ஒலி எழுந்தவுடன் மண்டபம் முழுவதும் அடங்குகிறது. பாசுரம் தொடங்குகிறது.

ஸகல வாத்தியங்களுக்கும் உரியவன் எம்பெருமான். யாழிலும் குழலிலும் வல்லவர் பலர் இருக்க, அருளிச்செயலைப் பாடி ஆடி விண்ணப்பம் செய்வதற்கு இச்சிறு தாளம் மட்டும் போதும் என்று முன்னோர்கள் ஏன் வைத்தார்கள்? கடைவீதியில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இக்கருவியில் அப்படி என்ன இருக்கிறது? திருவிழாவுக்கு வந்துள்ள ஆஸ்திகர்கள் சற்றே ஆராய்ந்தால், இதன் பெயர்களிலேயே பல அரிய பொருள்கள் மறைந்திருப்பதைக் காணலாம்.

தாளம் என்னும் சொல்

வடமொழியில் 'தலம்' என்றால் பரப்பு, அடிப்பகுதி என்று பொருள். கையின் பரப்பு கரதலம். காலின் பரப்பு பாததலம். கரதலம் இரண்டும் கூடி எழுப்பும் ஓசைக்கும், அவ்வோசையால் அளக்கப்படும் கால அளவுக்கும், அந்த அளவைக் காட்டும் கருவிக்கும் ஒரே பெயர் வழங்கலாயிற்று. அதுவே தமிழில் ளகரம் பெற்றுத் 'தாளம்' என்று நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னரின் ஆதரவில் வாழ்ந்த சார்ங்கதேவர், தம்முடைய ஸங்கீத ரத்நாகரத்தில் இதற்கு வேறொரு நயமும் கூறுகிறார். நிலைபெறுதல் என்னும் பொருளுடைய தாதுவிலிருந்து இச்சொல் பிறந்தது என்றும், பாட்டு, வாத்தியம், கூத்து ஆகிய மூன்றும் தாளத்திலே நிலைபெறுகின்றன என்றும் அவர் விளக்குகிறார். ஆகவே தாளம் என்பது பாட்டுக்குப் பின்னே வரும் அலங்காரம் அன்று. பாட்டு ஊன்றி நிற்கும் தரையே அது.

இதே சொல்லுக்குப் பனைமரம் என்றும் பொருள் உண்டு. பலராமன் பனைக்கொடி உடையவன் ஆதலால் அவனுக்குத் 'தாலாங்கன்' என்று அமரகோசம் பெயர் கூறுகிறது. பூரி க்ஷேத்திரத்தில் ரதயாத்திரையின்போது பலபத்திரர் ஏறியருளும் தேருக்கு இன்றும் 'தாலத்வஜம்' என்றே பெயர். ஸ்ரீமத் பாகவதத்தில் தாலவனம் என்னும் பனங்காட்டின் சரித்திரம் வருகிறது. அங்கே பழங்கள் பழுத்து மணம் வீசின. ஆனால் கழுதை வடிவமெடுத்த தேனுகாஸுரன் காவல் நின்றமையால் ஒருவரும் அவற்றை உண்டாரில்லை. ஆயர் சிறுவர்கள் வேண்ட, பலராமன் மரங்களைப் பிடித்து உலுக்கினான். எதிர்த்து வந்த அஸுரனை அந்தப் பனைகளின்மேலேயே எறிந்து முடித்தான். அதன்பின் அஞ்சாமல் யாவரும் பழம் உண்டனர். தானும் உண்ணாது பிறரையும் உண்ணவிடாது காவல் காக்கும் குணத்தை எம்பெருமான் திருத்தமையன் முடித்தருளிய இடம் தாலவனம். இதை மனத்தில் கொள்ளவேண்டும். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

பனையின் ஓலைதான் ஏடு. ஆழ்வார்களின் பாசுரங்களும் ஆசார்யர்களின் வியாக்கியானங்களும் அந்த ஏட்டின் வழியாகவே இக்காலத்துக்கு வந்து சேர்ந்தன. நஞ்சீயர் தாம் அருளிச்செய்த ஒன்பதினாயிரப்படியைப் பிரதி செய்து தரும்படி நம்பிள்ளையிடம் கொடுத்தருளினார். நம்பிள்ளை காவேரியைக் கடக்கையில் அந்த ஏடுகள் வெள்ளத்தில் போயின. அவர் கலங்காமல், கேட்டறிந்ததைக் கொண்டே முழுவதையும் மீண்டும் எழுதிக் கொண்டுவந்து ஸமர்ப்பித்தார் என்று குருபரம்பரை கூறும். தாளம் என்னும் பனையில் எழுதியது ஆற்றோடு போகலாம். நெஞ்சில் நிலைபெற்றது போகாது.

தாலும் சப்பாணியும்

தமிழில் 'தால்' என்றால் நாக்கு. தாய் தன் நாவை அசைத்துப் பாடிக் குழந்தையை உறங்கச் செய்வது தாலாட்டு. யசோதையின் நிலையில் நின்று பெரியாழ்வாரும், கௌசல்யையின் நிலையில் நின்று குலசேகராழ்வாரும் எம்பெருமானுக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறார்கள். திருக்கண்ணபுரத்து எம்பெருமானையே ராமபிரானாகக் கண்டு தாலாட்டினார் குலசேகரர். குழந்தை கேட்கும் முதல் தாளம் தாயின் நாவில் பிறக்கிறது என்பது இதனால் விளங்கும்.

பிள்ளைத்தமிழ் நூல்களில் தாலப் பருவத்தை அடுத்து வருவது சப்பாணிப் பருவம். தாயின் பாட்டைக் கேட்டுக் கிடந்த குழந்தை, எழுந்து உட்கார்ந்து, தன் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் பருவம் அது. பெரியாழ்வார் கண்ணனைச் சப்பாணி கொட்டும்படி வேண்டிப் பாடினார். திருமங்கையாழ்வாரும் பெரிய திருமொழியின் பத்தாம் பத்தில் ஆய்ச்சியர் நிலையில் நின்று அவ்வாறே வேண்டினார். கருவி எதுவும் வேண்டாத தாளம் அது. மனிதன் செய்த தாளங்கள் எல்லாம் அந்தக் கைகொட்டலைப் பார்த்துச் செய்தவையே.

'சப்பாணி' என்ற சொல்லுக்கு உலக வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. காலால் நடக்க மாட்டாதவனை அச்சொல்லால் குறிப்பர். இவ்விரண்டு பொருளையும் சேர்த்து நினைத்தால் கண்கள் பனிக்கும். மூவடியால் உலகங்களை அளந்தவன், இன்னும் நடை பழகாத குழந்தையாய் ஆயர்பாடித் தரையில் அமர்ந்து கைகொட்டினான். ஸர்வேச்வரன் ஆய்ச்சி ஒருத்தி சொன்னபடி கை தட்டினான் என்பதே ஸௌலப்யத்தின் எல்லை. ஆகவே முதலில் தாளம் போட்டவன் அவனே. அரையர் கையிலுள்ள தாளமும் அடியார்களின் கைகொட்டலும், அந்தக் குழந்தைக்குப் பின்வந்தோர் சொல்லும் மறுமொழி என்று கொள்வதே பொருந்தும்.

கஞ்சமும் கஞ்சனும்

தாளத்துக்குத் தமிழ் நிகண்டுகளில் 'கஞ்சம்' என்று ஒரு பெயர் உண்டு. வடமொழியில் வெண்கலத்துக்குக் 'காம்ஸ்யம்' என்று பெயர். அதுவே தமிழில் கஞ்சம் ஆயிற்று. உலோகத்தின் பெயர் அவ்வுலோகத்தால் செய்த கருவிக்கு ஆனது. ஆகையால்தான் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்பவற்றோடு கஞ்சக்கருவி என்றும் ஒரு வகையைத் தமிழர் வகுத்தனர். இவ்வகையை அமரகோசம் 'கனம்' என்று கூறும். கனம் என்றால் திண்மை. அதே சொல்லுக்கு மேகம் என்றும் பொருள். மேகம்போல் கறுத்தவன் ஆதலால் கண்ணன் கனச்யாமன். வேதத்தைக் கன முறையில் ஓதவல்லவர் கனபாடிகள். வெண்கலத் தாளமும், வேதம் ஓதும் முறையும், எம்பெருமான் திருமேனி நிறமும் ஒரே சொல்லில் வந்து கூடுவது எத்தனை அழகு!

கஞ்சம் என்பதற்குத் தாமரை என்றும் பொருள் உண்டு. 'கம்' என்றால் நீர். நீரில் பிறந்தது கஞ்சம். அத்தாமரையில் தோன்றிய பிரமனும் கஞ்சன் எனப்படுவான். ஆனால் ஆழ்வார்களின் திருவாக்கில் கஞ்சன் என்று வருபவன் வேறு. அவன் கண்ணனின் மாமனாகிய கம்ஸன். உலக வழக்கிலோ, கையில் உள்ளதை ஒருவர்க்கும் ஈயாத கருமியைக் கஞ்சன் என்பர்.

இவை யாவும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் அல்ல. ஒலியால் ஒத்து நிற்பவை. இருந்தாலும் பெரியோர்கள் ஒலி ஒற்றுமையைக் கொண்டும் ஒரு நல்ல பொருளைச் சிந்திப்பது உண்டு. மதுரையை ஆண்ட கஞ்சன் தன் உயிரைக் கருமிபோல் இறுகப் பிடித்தான். அதைக் காக்கவேண்டித் தங்கையின் குழந்தைகளைக் கொன்றான். இறுகப் பிடித்த கையோடேயே மடிந்தான். தேனுகாஸுரன் அவனுக்கு வேண்டியவன். அவனும் ஒருவர்க்கும் உதவாத பழங்களைக் காத்தவன். வெண்கலத் தாளமாகிய கஞ்சமோ தன்னிடமுள்ள ஒலியைச் சிறிதும் மறைக்காமல் தட்டியபோதெல்லாம் தந்துவிடுகிறது. கையில் இறுகப் பற்றினால் தாளம் ஒலிக்காது என்பதைப் பஜனையில் அமர்ந்த சிறுவரும் அறிவர். கயிற்றைப் பிடித்து வட்டத்தைத் தளர விட்டால்தான் நாதம் நீண்டு ஒலிக்கும். ஒருவன் கஞ்சனாவதும் கஞ்சமாவதும் பிடியைப் பொறுத்தது.

நாதமுனிகள் அறிந்த எடை

திவ்யப்ரபந்தம் இசையோடு நிலைபெற்றது நாதமுனிகளால் என்பதை ஸ்ரீவைஷ்ணவ உலகம் அறியும். அவர் காட்டுமன்னார்கோயிலாகிய வீரநாராயணபுரத்தில் அவதரித்தவர். மேல்நாட்டிலிருந்து வந்த அடியார்கள் பாடிய குடந்தை ஆராவமுதன் மீதான பத்துப் பாசுரங்களைக் கேட்டு, மற்றவற்றைத் தேடிப் புறப்பட்டார். ஆழ்வார்திருநகரியில் மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை அநுஸந்தித்து, நம்மாழ்வாரிடமிருந்தே நாலாயிரத்தையும் பெற்றார். பெற்றதைத் தாம் மட்டும் அநுபவித்து இருந்துவிடவில்லை. கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்னும் தம் மருமக்கள் இருவருக்கும் தேவகானமாகக் கற்பித்தருளினார். அரையர்களின் பரம்பரை அதிலிருந்தே தொடர்கிறது.

குருபரம்பரையில் இவரைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. சோழ மன்னனுடைய ஸபையில் இரண்டு பாடகியர் பாடினர். ஒருத்தி மனுஷ்யகானத்தில் பாடினாள். மன்னன் மகிழ்ந்து பரிசளித்தான். மற்றொருத்தி தேவகானத்தில் பாடினாள். அது அவனுக்கு விளங்கவில்லை. அவள் மனம் நொந்து வீரநாராயணபுரத்துக்கு வந்து எம்பெருமான் ஸந்நிதியில் பாடினாள். நாதமுனிகள் கேட்டு உகந்து, எம்பெருமான் ப்ரஸாதங்களை அளித்துக் கௌரவித்தார். செய்தியறிந்த மன்னன் நேரில் வந்து, "இந்தக் கானத்தின் பெருமையைத் தேவரீர் எப்படி அறிந்தீர்?" என்று கேட்டான். நாதமுனிகள் வெவ்வேறு எடையுள்ள பல தாளங்களை வரவழைத்து, எல்லாவற்றையும் ஒரே ஸமயத்தில் தட்டச் சொன்னார். அந்தக் கலந்த ஓசையைக் கேட்டு, இந்தத் தாளம் இத்தனை பலம், அந்தத் தாளம் இத்தனை பலம் என்று தனித்தனியே எடை சொன்னார். மன்னன் வியந்து வணங்கினான்.

இது செவியின் நுட்பத்தைச் சொல்லும் கதை மட்டும் அன்று. பல தாளங்கள் ஒருசேர ஒலிக்கையில், சிறிய தாளத்தின் ஒலி பெரியதன் ஒலியில் மறைந்துவிடும் என்றே யாவரும் நினைப்பர். ஆசார்யன் செவியில் ஒன்றும் மறையவில்லை. ஆயிரக்கணக்கானோர் கூடிக் கோவிந்த நாமம் சொல்லும் கூட்டத்தில், கடைசி வரிசையில் நிற்கும் கிழவியின் நலிந்த குரலையும் அதன் எடை அறிந்து கேட்பவன் ஒருவன் உளன் என்பதற்கு இது அத்தாட்சி. அரசன் பரிசளிக்காத பாட்டுக்கும் அவன் ஸந்நிதியில் இடம் உண்டு.

அரையர் தாளம் செய்த காரியங்கள்

நாலாயிரத்தில் இயற்பா ஆயிரம் தாளமின்றி ஓதப்படுவது. ஏனையவை இசைப்பா, அவையே அரையர் தாளத்துக்கு உரியவை. அரையர் பாசுரத்தைப் பாடுவார், அபிநயம் பிடிப்பார், தம்பிரான்படி வியாக்கியானம் சொல்வார். 'அரையர்' என்பதற்கு அரசர் என்று பொருள். ஆயினும் கோயிலில் அவருக்கு 'விண்ணப்பம் செய்வார்' என்றும் பெயர். அரசர் என்று பெயர் பெற்றவரும் திருமுன்பே விண்ணப்பம் செய்பவராகவே நிற்கிறார்.

இந்த விண்ணப்பத்துக்கு இருந்த வலிமையைக் குருபரம்பரை பல இடங்களில் காட்டும். ஆளவந்தாரின் திருக்குமாரர் திருவரங்கப்பெருமாள் அரையர். ராமாநுஜர் துறவு பூண்டு காஞ்சியிலே பேரருளாளனுக்குக் கைங்கர்யம் செய்துகொண்டிருந்த காலத்தில், அவரை எப்படியாவது திருவரங்கத்துக்கு அழைத்துவர வேண்டும் என்று அரையர் காஞ்சிக்குச் சென்றார். பேரருளாளன் திருமுன்பே தாளமிட்டுப் பாடி ஆடினார். எம்பெருமான் திருவுள்ளம் உகந்து, தன்னையும் தன் தேவிமாரையும் தவிர வேறு எதை வேண்டினாலும் தருவதாக அர்ச்சகர் முகமாக அருளினான். அரையர், "ராமாநுஜரைத் தந்தருள வேண்டும்" என்றார். அதுவே கொடுப்பதற்கு அரியது; ஆயினும் கொடுத்த வாக்கை மாற்றுவதில்லை என்று எம்பெருமான் ராமாநுஜரைத் தந்தருளினான். திருவரங்கமும் தர்சனமும் பெற்ற பெரும்பேறு அன்று ஒரு ஜோடித் தாளத்தின் ஒலியில் கிடைத்தது. அதே ஒலியால் காஞ்சி தன் கண்மணியைப் பிரிந்தது. பின்னாளில் ராமாநுஜர் இதே அரையருக்கு ஆறு மாத காலம் பாலமுது காய்ச்சியும் மஞ்சள்காப்பு அரைத்தும் தொண்டு செய்து, அவரிடம் அரிய பொருளைப் பெற்றார்.

மற்றொரு ஸமயம் திருவரங்கத்தில் அரையர் நம்மாழ்வாரின் திருவனந்தபுரப் பாசுரங்களைப் பாடினார். 'புறப்படுங்கள்' என்று அடியார்களை ஆழ்வார் அழைக்கும் இடம் வந்தபோது, ஆளவந்தாரின் திருமுகத்தைப் பார்த்தே பாடினார். ஆளவந்தார் அதை அரையர் பாட்டாகக் கொள்ளவில்லை; எம்பெருமானின் ஆணையாகவே கொண்டு அப்போதே திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுவிட்டார். குருகைக்காவலப்பன் யோகரஹஸ்யத்தை உபதேசிப்பதாகக் குறித்துத் தந்த நாள் அவர் திருவனந்தபுரத்தில் இருக்கையில் வந்துவிட்டது. பறந்து செல்ல விமானம் ஒன்று இல்லையே என்று அவர் வருந்தினார். அந்த ரஹஸ்யம் பின்னுள்ளோர்க்குக் கிட்டாமலே போயிற்று. ஆயினும் ஆளவந்தார் சென்றதை ஒரு பெரியவரும் தவறு என்று சொன்னதில்லை. பாசுரத்தைக் கேட்பது என்றால் அப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு அவரே உதாரணம் ஆனார்.

மூன்றாவது வரலாறு எம்பாருடையது. கண்ணன் ஆயர் சிறுவர்க்குப் பூச்சி காட்டி அச்சுறுத்தும் பெரியாழ்வார் திருமொழிக்கு அரையர் அபிநயம் பிடித்தார். கண்ணிமைகளை மடித்து விகாரமாகக் காட்டினார். உடையவருக்குப் பின்னே இருந்த எம்பார், தம் இரு கைகளையும் தோளருகே உயர்த்திச் சங்கும் சக்கரமும் தாங்குவதுபோல் குறிப்புக் காட்டினார். தங்களோடு விளையாடும் பிள்ளை திடீரென்று சங்கு சக்கரங்களோடு நின்றால் சிறுவர் அஞ்சுவார்கள் அன்றோ! அரையர் அக்குறிப்பை உணர்ந்து மறுமுறை அப்படியே அபிநயித்தார். உடையவர் திரும்பிப் பாராமலே, "கோவிந்தப் பெருமாளே, இருந்தீரோ!" என்று உகந்தருளினார். கோஷ்டியில் பின்னே இருப்பவரும் ஸேவையில் பங்குடையவரே என்பது இதன் ஸாரம்.

பல நாடுகளில் ஒரே கைத்தாளம்

கரதாளம் என்ற பெயர் பாரத தேசமெங்கும் சென்று, இடத்துக்கு ஏற்ற வடிவம் கொண்டது. வங்காளத்தில் அப்பெயர் பித்தளைத் தாளத்தைக் குறிக்கும். ஸ்ரீசைதன்யர் (1486–1534) நகர ஸங்கீர்த்தனத்துக்கு அதையும் மத்தளத்தையுமே துணையாகக் கொண்டார். அவர் தென்னாட்டு யாத்திரையில் ஸ்ரீரங்கத்தில் வேங்கட பட்டர் என்பவர் திருமாளிகையில் சாதுர்மாஸ்ய காலம் தங்கினார் என்று சைதன்ய சரிதாம்ருதம் கூறும். ராஜஸ்தானத்திலும் கூர்ஜரத்திலும் அதே பெயர் மரக்கட்டைக்கு ஆயிற்று. ஜுனாகட்டில் வாழ்ந்த நரஸிம்ஹ மேத்தாவின் கையில் இருப்பது அதுவே. ராஸலீலையை ஸேவித்து நின்ற அவர், கையில் பிடித்திருந்த தீவட்டி எரிந்து தம் கையைச் சுடுவதையும் அறியாது நின்றார் என்பது அந்நாட்டு வரலாறு. மஹாராஷ்டிரத்தில் அக்கட்டைக்குச் 'சிப்ளி' என்று பெயர். தெலுங்கு நாட்டில் 'சிருதலு' என்பர். தெலங்காணத்துக் கிராமங்களில் அதை ஒலித்து ஆடும் ராமாயணக் கூத்துக்கே சிருதல ராமாயணம் என்று பெயர். கன்னட நாட்டில் புரந்தரதாஸர் திருவுருவத்தில் தம்பூராவோடு இக்கட்டையும் காணப்படும். பாட்டுக்குத் தாளம் முதலிய அங்கங்கள் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஹரிபக்தியும் வேண்டும் என்று அவர் ஒரு கீர்த்தனையில் பாடினார்.

தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் (1676–1855) மஹாராஷ்டிரத்துக் கீர்த்தன முறை சோழநாட்டில் வேரூன்றியது. அதனோடு வந்த சிப்ளியே தமிழர் நாவில் 'சப்ளாக்கட்டை' ஆயிற்று. இரண்டு மரத்துண்டுகள், அவற்றில் சிறு பித்தளைச் சில்லுகள். ஒன்று கட்டைவிரலுக்கு, மற்றொன்று மற்ற விரல்களுக்கு. ஹரிகதை சொல்லும் பாகவதர் ஒரு கையாலேயே அதை ஒலித்துக்கொண்டு மறு கையால் அபிநயம் காட்டுவார்.

தாழ்ந்துபோன சொற்கள்

இத்தனை பெருமையுடைய கருவியின் பெயர் இன்று பேச்சு வழக்கில் எப்படி வழங்குகிறது? ஒருவன் அதிகாரம் உள்ளவரைப் புகழ்ந்து காரியம் ஸாதித்தால் 'ஜால்ரா போடுகிறான்' என்கிறார்கள். ஜால்ரா என்பது வடமொழி 'ஜல்லரீ' என்பதோடு ஒட்டிய, தாளத்தின் பெயரேயாகும். வறுமையில் வாடுபவனைச் 'சோற்றுக்குத் தாளம் போடுகிறான்' என்கிறார்கள், 'சிங்கியடிக்கிறான்' என்கிறார்கள். சிங்கியும் சிறு தாளமே. ஏன் இந்தத் தாழ்வு நேர்ந்தது?

தாளம் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. அது யார் முன்னே ஒலித்தது என்பதே காரணம். வயிற்றின் பொருட்டு, கொடாதவரைக் கொடையாளி என்றும், கோழையை வீரன் என்றும் பாடித் தாளமிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலருக்குப் பொருள் கிடைத்தது; பழி கருவிக்கு வந்தது. பலருக்கு அதுவும் கிடைக்காமல் வறுமையே மிஞ்சியது; அந்த வறுமையும் கருவியின் பெயரால் வழங்கலாயிற்று. நம்மாழ்வார் திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில், மனிதரைப் பாடுவதற்குத் தம் கவிதை இல்லை என்று உறுதியாகக் கூறினார். பாடும் புலவர்க்காக இரங்கினார். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணர், அரசனைப் பாட மறுத்துக் காஞ்சியை விட்டே வெளியேறினார். ஆழ்வார் உடன் சென்றார். எம்பெருமானும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே சென்றான்.

இல்லாத குணத்தை மனிதனிடம் ஏற்றிச் சொன்னால் அது முகஸ்துதி. எம்பெருமானிடம் ஏற்றிச் சொல்ல எதுவும் இல்லை. சொல்ல முற்பட்டவர் எல்லாரும் அவன் குணத்தில் ஒரு துளியே சொல்ல முடிந்தது என்று மீண்டார்கள். ஆகையால் அவன் முன்னே போடும் தாளத்துக்குப் பொய் என்னும் குற்றம் ஒருநாளும் வாராது. ஒரே கருவி, ஒரே கை, ஒரே ஒலி. அதிகாரியின் வாசலில் இகழ்ச்சிக்கு இடமாகிறது, எம்பெருமான் வாசலில் கைங்கர்யமாகிறது. இகழப்பட்ட சொல்லை மீட்பதும் அடியார்கள் கையிலேயே இருக்கிறது.

இரு கையும் விடுதல்

'இரு கை தட்டினால்தான் ஓசை' என்பது பழமொழி. சண்டையில் இருவர்க்கும் பங்குண்டு என்று சொல்ல அதை உலகம் பயன்படுத்துகிறது. அதை வேறுவிதமாகவும் கொள்ளலாம். தாளம் போடுகிறவன் கையில் வேறொன்றும் இருக்க முடியாது. பணப்பையோ, வாளோ, பாரமோ பிடித்த கை தாளத்துக்கு உதவாது. கௌரவர் ஸபையில் திரௌபதி முதலில் தன் கையால் துகிலைப் பிடித்துத் தன்னைக் காக்க முயன்றாள். பின்னர் இரு கைகளையும் உயர்த்திக் கோவிந்தனை அழைத்தாள், துகில் வளர்ந்தது. திருக்கோளூரை விட்டுப் புறப்பட்ட பெண்பிள்ளை, எதிரே எழுந்தருளிய ராமாநுஜரிடம் பெரியோர்களின் செயல்களை வரிசையாகச் சொல்லித் தனக்கு அத்தகுதி இல்லையே என்று வருந்தியபோது, திரௌபதி இரு கையும் விட்டதையும் எடுத்துச் சொன்னாள். உடையவர் அவள் ஞானத்தை வியந்து, அவளை அழைத்துக்கொண்டு அவ்வூரினுள்ளே எழுந்தருளினார்.

தமிழில் 'தாள்' என்றால் முயற்சி என்றும் பொருள். திருவடி என்றும் பொருள். தன் தாளை நம்பியிருப்பவன் அவன் தாளைப் பற்ற மாட்டான். பற்றும்போது இரு கையும் வெறுமையாக வேண்டும். இரண்டு கைகள் கூடினால் அஞ்சலி. அவையே தட்டினால் தாளம். அஞ்சலியும் தாளமும் ஒரே கைகளின் இரண்டு நிலைகள். கரதலத்தில் பிறந்த ஒலி அவன் பாததலத்தில் சென்று அடைகிறது. மற்றொன்றும் நினைக்கத்தக்கது. தாளம் தானாக ஒலிப்பதில்லை. இரண்டு வட்டங்களையும் ஒரு கயிறு இணைக்கிறது, பிடித்திருப்பவன் இசைவிக்கிறான். 'யான் பாடினேன், யான் தொண்டு செய்தேன்' என்ற எண்ணம் எழும்போது, கயிறு யார் கையில் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

ஒரு காலத்தில் பல திவ்யதேசங்களில் நடந்துவந்த அரையர் ஸேவை, இன்று ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கன்னட நாட்டு மேல்கோட்டை என்று விரல்விட்டு எண்ணும் இடங்களிலேயே நிலைத்திருக்கிறது. தந்தை சொல்ல மகன் கற்று, சில குடும்பத்தினர் எத்தனையோ இன்னல்களிடையே இதைக் காத்து வருகிறார்கள். காக்கும் கடமை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. எம்பார் பின்னே இருந்து கவனித்ததுபோல் கவனிக்கும் கோஷ்டி இல்லையேல், முன்னே நிற்பவர் யாருக்காகப் பாடுவார்? இந்நாளில் உத்ஸவத்துக்கு வரும் அன்பர்கள் பலருடைய ஒரு கையில் கைபேசி இருக்கிறது. மறு கை கூட்டத்தை விலக்குகிறது. படம் வீட்டுக்கு வருகிறது. பாசுரம் மண்டபத்திலேயே நின்றுவிடுகிறது. பெருமாள் திருமுன்பே நிற்கும் சில நாழிகையாவது அதைப் பையில் இட்டு, இரு கைகளையும் காலியாக வைத்துக்கொள்ளுவது பெரிய தவம் அன்று. ஆயினும் இக்காலத்துக்கு ஏற்ற தவம்.

இசை தெரியாது, பாசுரம் வாராது, வடமொழி அறியேன் என்று ஒருவரும் பின்வாங்க வேண்டியதில்லை. ஆய்ச்சி சொன்னதற்காகக் கைகொட்டிய பிள்ளைதான் திருவீதியில் எழுந்தருளுகிறான். அவனுக்கு முன்னே ஒரு குழந்தையும் கைகொட்டலாம். ஒரு பாட்டியும் கைகொட்டலாம். ஓசை கலந்து கேட்கும். ஒவ்வொன்றின் எடையும் அவனுக்குத் தெரியும்.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.
ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.
சுபம்.